பெண் பார்க்க வந்த அன்று நைனா கட்டியிருந்த புடவை

வேப்பிலை, மல்லிகை, முகப்பவுடர், அதோடு நைனாவின் பீடி நாற்றம்... இவ்வளவும் கலந்து வீட்டுக்குள் வீசினால் கங்கம்மா ஜாத்திரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

திருப்பதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நண்பர்களுக்காக... மே மாத வெயிலில் வரும் திருவிழா அது. வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்துக்கொண்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். வேஷம் போட்டவர் நடுரோட்டில் யாரைத் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் அப்பாவுக்கு, அதாவது எங்கள் நைனாவுக்கு, இது போதாதா?

டவுனில் ஆட்டோ ஓட்டியவர் அவர். வருஷம் முழுக்கத் தன்னை விரட்டும் டிராஃபிக் போலீஸ்காரரை அன்றைக்குத் தேடிப்போய் ஒரு பாட்டம் திட்டுவார். அப்புறம் அவர் கையாலேயே சோடா வாங்கிக் குடித்துவிட்டு வருவார். என்ன வேஷம் போட்டாலும் மீசையை மட்டும் எடுக்க மாட்டார். அம்மனுக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டாமா என்பார்.

பார்க்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் அது எனக்கான வேண்டுதல். சின்ன வயதில் அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்தேனாம். இவள் பிழைத்தால், கழுத்தில் தாலி ஏறும்வரை வருஷா வருஷம் புடவை கட்டி வருகிறேன் என்று நைனா வேண்டிக்கொண்டார். கட்டிவிட்டால் கோயிலுக்குப் போய் வந்துதான் கழற்றுவார். ஒரு வருஷம் காலில் மாவுக்கட்டோடு கூடப் போனார்.

எனக்கு வந்த வரன் அரக்கோணம் பக்கம். மாப்பிள்ளைக்குச் சித்தூரில் வேலை. போட்டோவைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு வைத்த சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அடுத்த வாரம் வருவதாகத்தான் பேச்சு. ஆனால் பாவம், அம்மன் திருவிழா என்றால் ஆடியில்தான் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள். நாள் நன்றாக இருக்கிறதென்று ஜாத்திரை அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். செல்போன் இல்லாத காலம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் எதிர்க்கடைக்குப் போன் செய்து, வந்துவிட்டோம் என்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

நைனா அப்போதுதான் அம்மாவின் மாம்பழக் கலர் புடவையைக் கட்டி முடித்திருந்தார்...

அம்மா பதறிப்போய்க் கழற்றச் சொன்னாள். ஒரு வருஷம் தவறினால் அம்மன் பொறுத்துக்கொள்வாள், இந்தச் சம்பந்தம் போனால் திரும்ப வருமா என்று அழுதாள். கோயிலுக்குப் போய் வந்துவிடலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் சாயந்தரம் ஆகிவிடும். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் நைனா அன்றைக்கு வெறுமனே கட்டிலில் உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஆசை வந்தால் என்னை ‘தல்லி’ என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் அம்மா என்று அர்த்தம்.

“உனுக்கோசரம் வேண்டிக்கினது தல்லி. இப்ப உனுக்கோசரமே அவுக்கச் சொல்றா உங்கம்மா. எனுக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லு, அப்டியே செய்றேன்.”

அந்த வரன் எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆனால் மீசையும் குங்குமமுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் கழற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

“இருக்கட்டும் நைனா. உன்னப் புடிக்காதவங்க எனுக்கு வேணாம்.”

அவ்வளவுதான், மனுஷன் பழையபடி ஆகிவிட்டார். அதே கோலத்தில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களை ஏற்றி வந்தார். யாரோ வேஷக்காரரின் ஆட்டோ என்று நினைத்து, மாப்பிள்ளையின் தாய்மாமா வழியெல்லாம் பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவர் என்று அவரிடமே விசாரித்தாராம். நைனாவும் தங்கமான மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு பெண் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்!

வீட்டுக்குள் வந்து, பாயை விரித்துப் போட்டுவிட்டு, “நான்தாங்க பொண்ணோட அப்பா” என்றார்.

தாய்மாமா எழுந்தே நின்றுவிட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நான் காபித் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நைனாவை மேலும் கீழும் பார்த்து, எதற்கு இந்த வேஷம் என்று கேட்டார். நைனா சிரிக்காமல், சுருக்கமாகக் காரணத்தைச் சொன்னார். காபி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், போய்விட்டார்கள். முடிந்தது கதை என்றே நாங்கள் நினைத்தோம். அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

ஆனால் சம்மதம் என்றே சேதி வந்தது. ஏன் என்பதைக் கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் சொன்னார். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் தாய்மாமா குதி குதியென்று குதித்தாராம். என் மாமியார் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாராம்.

“பொண்ணுக்கோசரம் ஊரு சிரிக்க நிக்கிறான் ஒரு மனுசன். அவன் வளத்த பொண்ணு நம்ம வூட்டுக்கு வரட்டும்.”

வேண்டுதல் முடிந்த பிறகும் நைனா புடவையை விடவில்லை. இத்தனை வருஷம் அம்மனுக்காகக் கட்டினேன், இனிமேல் எனக்காகக் கட்டுகிறேன் என்பார். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்து, ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். குறையில்லாத வாழ்க்கை. அவர் இல்லையே என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

இப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பயோடேட்டா, பேக்கேஜ், ஜாதகம் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் யாரும் வந்து இறங்குவதில்லை. நல்லதுதான்... ஆனாலும் என்னவோ சப்பென்று இருக்கிறது.

போன வாரம் வீடியோ காலில் ஒரு பையனின் அப்பா பேசினார். பிளாட், கார், பையனின் வேலை எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“புள்ளைக்காக நீங்க எப்பனா நாலு பேரு சிரிக்கறாப்ல எதுனா பண்ணிகிறீங்களா சார்?”

நெட்வொர்க் போய்விட்டதோ என்று என் மகள் போனைத் தட்டிப் பார்த்தாள்.

நைனாவிடம் அதைக் கேட்டிருந்தால், எதைச் சொல்வது எதை விடுவது என்று திணறிப்போயிருப்பார்.