விழுப்புரத்துக்கு முன்னால் நின்ற ரயில்

அக்கா அந்தக் கட்டியை எட்டு மாதம் மறைத்தாள். திருவேங்கடத்தில் டீச்சர் வேலை. தினமும் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். அத்தான் இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஜாக்கெட்டில் கறை பட்ட அன்றுதான் வலது மார்பைக் காட்டினாள்.

“வலிக்கலட்டி, அதான் சொல்லல” என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் மார்பை எடுப்பதற்கு முதல் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சில கட்டிகளில் ஒரு புரதம் இருக்குமாம். பெண் உடம்பில் ஊறும் ஹார்மோனை அது பிடித்துக்கொள்ள, கட்டி வளருமாம். புரதம் இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு நோய் கேட்கலாம், சில வருஷம் தள்ளலாம். இல்லாவிட்டால் சிரமம். அந்தப் பரிசோதனைக்கு மெட்ராஸ்தான் போக வேண்டும்.

“வெட்டி எடுக்கிற சதை சூடாச்சுன்னா புரதம் அழிஞ்சிரும். ஐஸ்லயே கொண்டு போகணும். யாரும்மா போவீங்க?”

“நானே போறேன் சார்.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, அகல வாய் பிளாஸ்கில் ஐஸுக்கு நடுவே சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்துக் கொடுத்தார்கள். சித்திரை வெயில். ரயிலில் பிளாஸ்கை மடியிலேயே வைத்திருந்தேன். சாப்பாடா என்று எதிரே இருந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். திருச்சியில் இறங்கி ஓடி, கலர் சோடா விற்கிறவரிடம் ஐஸ் உடைத்து வாங்கிப் போட்டேன். விழுப்புரத்துக்கு முன்னால் வெட்டவெளியில் ரயில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். மூடியைத் திறந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியாகத் திறந்தபோது பாதிக்கு மேல் தண்ணீர்.

மெட்ராஸில் லேப்காரர் குப்பியைத் தொட்டுப் பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, நான் எக்ஸ்சேஞ்ச் போர்டில் இருந்தபோது மதுரையிலிருந்து டிரங்க் கால். டாக்டரேதான்.

“புரதம் தெரியலம்மா.”

“அப்போ இல்லையா சார்?”

“இல்லாமலும் இருக்கலாம். வழியில கெட்டிருக்கவும் செய்யலாம். உறுதியா சொல்ல முடியாது.”

“இன்னொரு தடவை பார்க்கலாமா?”

“மீதிச் சதைய அழுகாம இருக்க ஃபார்மலின்ல போட்டாச்சு. அதுல இந்த டெஸ்ட் வராது. மாத்திரை எழுதுறேன், குடுத்துப் பாருங்க.”

அடுத்த இணைப்பில் ஒருத்தர் ராயகிரிக்கு லைன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கொடுத்தேன். தப்பான நம்பருக்கு.

சாயங்காலம் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். ஐஸ் உருகியதையும் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ரயில் நின்னதுக்கு நீ என்னட்டி பண்ணுவ?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு அந்தப் புரதம் இருந்திருக்கும்னு நெனைக்கியா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா.”

மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். ஆடியில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கார்த்திகையில் கை வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் லீவு போட்டாள். தையில் முதுகெலும்பில் வலி தொடங்கியது. மாத்திரை கேட்கவில்லை என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது. ஆனாலும் காலையில் அவள் கையை நீட்டுவாள், நான் மாத்திரையை வைப்பேன்.

மறு வைகாசியில், பகல் பதினொரு மணிக்கு, நான் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது போனாள்.

பிறகு ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவ்வளவு வேகமாகப் பரவியதைப் பார்த்தால் புரதம் இல்லாத கட்டியாகத்தான் இருக்கும் என்றார். இருக்கலாம். என் ஆறுதலுக்காகவும் சொல்லியிருக்கலாம்.

அவள் இறந்த அந்த வருஷ மழைக்காலத்தில் மதுரை டாக்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மாத்திரை எப்படி வேலை செய்கிறது, எழுதவும் என்று. இரண்டு வரி எழுதிப் போட்டேன்.