மூக்கு போன வருஷத்து இஞ்சி வீடு

எங்கள் மலையில் கஞ்சா வளர்க்காத குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வளர்த்தவர்கள் எல்லாரும் அறுவடை முடிந்து, இலை காய்ந்ததும், ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது ஒரே வாசலில்தான். வெர்லீன் மூடியைத் திறப்பாள், மூக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோவாள், மூடிவிடுவாள். "இன்னும் ஈரம் போகல" என்பாள். இல்லாவிட்டால், "ஆத்தோரமா வச்சு வளத்தியா?" என்பாள். கேட்டவன் முகம் வெளுத்துப் போகும், ஏனென்றால் ஆற்றோரம்தான் வளர்த்திருப்பான்.

வடக்குக் கலிபோர்னியாவின் செம்மர மலைக்கு அவள் வந்தது சோளக்காட்டு ஊரான நெப்ராஸ்காவிலிருந்து, பாவாடையும் ஒரு கிதாருமாக. கிதார் வாசிக்க வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிய வந்ததும் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். மரம் வெட்ட வந்த ஆரினைக் கட்டிக்கொண்டாள். பகலில் பேருந்து, மாலையில் தோட்டம். ஹெலிகாப்டர்கள் வந்து மலையைச் சுற்றிய காலத்தில் ஒரு வருஷம் அவர்கள் தோட்டத்தை அதிரடிப் படை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. ஆரின் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வெர்லீன் கொட்டகைத் தரையில் மிஞ்சியிருந்த தூளைக் கூட்டி அள்ளி, வெண்ணெயில் காய்ச்சி, இஞ்சி ரொட்டிப் பலகைகளை ஒட்டி, தின்பதற்கென்றே ஒரு பொம்மை வீடு கட்டினாள். ஆரின் கூரையைத் தின்றுவிட்டு, படை வந்து பிடுங்காத வீடு இது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தானாம். அதிலிருந்து வருஷம் தவறாமல் வீடு. சட்டம் அனுமதித்து, கடையில் சீட்டு ஒட்டிய பொட்டலமாகவே கிடைக்கும் இந்தக் காலத்திலும் நாங்கள் அவள் வீட்டுக்குத்தான் போகிறோம்.

வீடு கட்டுவது என்றால் சும்மா இல்லை. இரண்டு சுவரைச் சேர்த்து ஒட்டுவது முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரை அடித்த குழம்பு. அதில் ஒரு சொட்டு நெய்ப்பசை பட்டாலும் குழம்பு இளகி வீடு குப்புற விழும். ஆகையால் கஞ்சா வெண்ணெய் மாவுக்குள் மட்டும்தான் போகும். அது கூடினால் சுவர் நிற்காமல் தொய்ந்துவிடும். சுவருக்குக் குறைவாக, கூரைக்கு நிறைய என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கதவில் ஒரு காய்ந்த இலையை ஒட்டிவிடுவாள். இலை இருந்தால் எங்கள் மலைப் பிள்ளைகள் கிட்டே வராது. அதுகளுக்குத் தனியாக, இலை இல்லாத வீடு ஒன்று உண்டு.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் வேலை வறுப்பது. பச்சைக் கஞ்சாவை அப்படியே வெண்ணெயில் போட்டால் மாடு தின்கிற புல்தான். அடுப்பில் மெல்ல வாட்ட வேண்டும். புல் வாசனை போய், கொட்டை வறுபடுகிற வாசனை எழும் அந்த நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். முன்னால் எடுத்தால் போதை இல்லை, பின்னால் எடுத்தால் கரி. வெர்லீன் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசுவாள். நடுவில் நிறுத்தி, "ஆச்சு" என்று எழுந்துபோவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன வருஷம் ஆரினுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஏற்ற அவனுக்குச் சாப்பாடு என்றாலே குமட்டியது. எடை இன்னும் இறங்கினால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கஞ்சாப் புகையை இழுத்தால் பசி எடுக்கும், ஆனால் புகை பட்டாலே இருமல் பிடுங்கியது. கடை மிட்டாய் வயிற்றில் தங்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்க, அவனே வாய் திறந்து, வெர்லீன் கட்டும் வீடு என்றால் ஒரு துண்டு தின்று பார்க்கலாம் என்றான். வெர்லீனுக்கு வேறென்ன வேண்டும்.

நான் உதவிக்குப் போனபோது ரொட்டிப் பலகைகள் எல்லாம் வெந்து ஆறியிருந்தன. சூப் டப்பாக்களை முட்டுக் கொடுத்துச் சுவர்களை நிறுத்தினோம். அப்போது அடுப்போரம் கிடந்த துணி கருகி, நாற்றம் என் தொண்டையை அடைத்தது. அவள் துணிக்குப் பக்கத்திலேயே நின்று ஜன்னலுக்குச் சர்க்கரைக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் துணியைத் தொட்டியில் எறிந்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"மூக்கு போச்சுடி மேவிஸ்" என்றாள். "மழை ஆரம்பிச்சப்ப ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போனதுதான். வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எதத் தின்னாலும் காகித அட்டைய மெல்ற மாதிரி இருக்கு."

அப்படியானால் கஞ்சாவை எப்படி வறுத்தாய் என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து வறுத்தேன் என்றாள். அவள் அடுப்பு எனக்குத் தெரியும். நினைத்தால் எரியும், நினைத்தால் தூங்கும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆரின்கிட்ட மூச்சு விடாத. என் மூக்க நம்பித்தான் திங்கிறேன்னு சொல்லியிருக்கான்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், மழை விட்டிருந்தது. மேல்வீட்டு ராய்ஸும் இன்னும் சிலரும் வந்தார்கள். மேஜைமேல் வீடு நின்றது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. கூரை ஓடு ஒவ்வொன்றும் பாதாம் சீவல். ஜன்னலுக்குள் மஞ்சள் வெளிச்சம். கிராம்பும் பட்டையும் இஞ்சியும் அறையை நிறைத்திருந்தன, கட்டியவளுக்கு மட்டும் அதில் ஒரு துளியும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ராய்ஸின் தொப்பியைக் கிண்டல் செய்தேன்.

முதல் துண்டை உடைப்பது ஆரின்தான். போர்வைக்குள்ளிருந்து கை வந்தது, எலும்பும் தோலுமாக. கூரையின் மூலையை ஒடித்து வாயில் வைத்தான். நாங்கள் எல்லாரும் அவனைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றான். சட்டென்று நிறுத்தினான். வெர்லீனை நிமிர்ந்து பார்த்தான். போச்சு, துப்பப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா வறுத்திருக்க, வெர்லி" என்றான். அடுத்த துண்டை ஒடித்தான்.

நாங்களும் தின்றோம். பிறகு எங்கள் வழக்கப்படி சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்றும் ஏறவில்லை. ரொட்டி வேகும்போது கஞ்சாவும் வாடி ஏதாவது கொஞ்சம் போதை ஊறியிருந்தால் அது எறும்புக்குத்தான் காணும். வாழ்நாள் முழுக்க இதையே வளர்த்த கிழடுகள், தனக்கு மட்டும்தான் ஏறவில்லையோ என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மலையில் ஒருத்தியின் சரக்கை அவள் வீட்டிலேயே வைத்துக் குறை சொல்வது, பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதற்குச் சமம். ராய்ஸுக்கு மட்டும் நாக்கு நிற்கவில்லை. தனக்கு ஏதோ புல் ருசி தட்டுவதாக இழுத்தான்.

"ராய்ஸு, வாய மூடிட்டுத் தின்னு" என்றான் ஆரின்.

அதற்குள் கூரையின் ஒரு பக்கம் முழுக்கக் காணவில்லை. தின்றவன் ஆரின். வாரக்கணக்கில் நாலு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்காத மனிதன். வெர்லீன் டீ போட உள்ளே போனதும் நான் அவன் காதருகே குனிந்தேன். எனக்கு ஒண்ணும் ஏறலியே என்றேன்.

"எப்படி ஏறும்? பச்சப் புல்லு." சிரித்தான். "அவ மூக்கு போனது எனக்கு அப்பவே தெரியும் மேவிஸ். பால் பொங்கி அடுப்புல கருகுது, பக்கத்துலயே முதுகக் காட்டி நின்னு துணி மடிக்கிறா."

"அப்புறம் எப்படி இவ்வளவும் திங்கிற? குமட்டலயா?"

அவன் கையிலிருந்த துண்டை ஒரு வாய் கடித்து, கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"குமட்டுது. ஆனா அவளுக்கு எதுலயுமே ருசி இல்ல. இருந்தும் தினம் என் எதிர்ல உக்காந்து, ஆகா ஓகோன்னு தட்டக் காலி பண்றா. நான் பாத்துட்டுத் திங்கணும்னு. ருசியே இல்லாதத அவ விழுங்கும்போது, புல்ல நான் விழுங்கக் கூடாதா?"

கஞ்சா செய்கிற வேலையை எல்லாம் நான் இந்த மலையில் பார்த்திருக்கிறேன், அழுதவனைச் சிரிக்க வைத்ததை, தூங்காதவனைத் தூங்க வைத்ததை. போதையே ஏறாத ஒரு ரொட்டி செய்த வேலையை அன்றுதான் பார்த்தேன். அடுத்தவர் கடிதத்தைத் தவறிப்போய்ப் பிரித்துப் படித்துவிட்டவளைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெர்லீன் டீயோடு வந்தாள். பாதி இடிந்து கிடந்த கூரையைப் பார்த்தாள். தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"ஏறுதா ஆரின்?"

"ஏறுது ஏறுது" என்றான். இலை ஒட்டியிருந்த கதவைப் பிடுங்கி, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவளிடம் நீட்டினான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பிரமாதம்" என்றாள். இரண்டு பேரும் மென்று தின்றார்கள்.