சங்கு இல்லை, போங்கா

என் ஆல்பம் எந்தக் கடையிலும் கிடைக்காது, தேடாதீர்கள். கிடைக்காததற்கு ஒரே ஒரு வார்த்தைதான் காரணம். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தமும் கிடையாது.

மராத்தி ஊரான கட்கியில் தொழிற்சாலைச் சங்குக்கு எங்களைப் போன்ற தமிழர்களும் சொல்லும் பெயர் போங்கா. அது மராத்திச் சொல் என்பதே எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரியும். அதுவரை சோறு, தண்ணி மாதிரி அதுவும் தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிரப்புகிற வேலை. காலை போங்கா அடித்தால் எங்கள் தெருவே கைக்கடிகாரத்தைப் பார்க்கும். முள் பிசகியிருந்தால் அங்கேயே நின்று திருகிச் சரிசெய்யும். சாயங்கால போங்கா கேட்கும்வரை அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கேட்டதும், "ஆங், சுட்டி ஆயிடுச்சு, வேலை வுட்டாச்சு, அப்பா வந்துருவாரு" என்பாள். உடனே டீத் தண்ணி அடுப்பில் ஏறும். அந்த 'ஆங்'குக்காக நானும் தினம் காத்திருந்தேன். அதற்குப் பெயர் பயம் என்று பின்னால்தான் புரிந்தது.

பாட்டெழுதி, மெட்டுப்போட்டு, கிட்டார் அடித்துப் பாடவும் ஆரம்பித்தபோது அந்தப் பயத்தைத்தான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வைத்தேன். கோந்த்வாவில் ஒரு ரெக்கார்டிங் அறை. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போயின. கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கும் அண்ணன் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஜாஸ், ராக் இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருட்டினோம். அந்தப் பாட்டில் முதலில் வார்த்தையே கிடையாது. அடியிலிருந்து என் குரல் ஊளைபோல ஏறும், உச்சியில் மூச்சு முட்டும்வரை நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். டிரம்ஸ் ஏழு ஏழாக அடிக்கும். சாக்ஸபோன் வேண்டுமென்றே அரை சுரம் தள்ளி உறுமும். அதற்குமேல்தான் "போங்கா, போங்கா" என்று வரும்.

அப்பா கேட்டுவிட்டு, "இன்னாடி இது, பாட்டா? குக்கர்ல விசிலு மாட்டிக்கினா மாரி கீது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புடிக்கலன்னா வுடுப்பா."

"புடிக்கலன்னு எவன் சொன்னான்? காது சரியா கேக்கல, சவுண்டு ஜாஸ்தி வையி."

கேசட் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், சென்னைக்காரர். முழுவதும் கேட்டார், வெளியிடலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்து அவர், "ஒண்ணே ஒண்ணு மேடம். கடைசிப் பாட்டுல ஏன் 'போங்க, போங்க'ன்னு துரத்துறீங்க? கேக்கறவன் எழுந்து போயிடுவான்" என்றார்.

விளக்கிச் சொன்னேன். சிரித்தார். "ஓ, சங்கா! அப்ப சங்குன்னே பாடிடுங்க. சுத்தமான தமிழா இருக்கும். மாத்தினா கையெழுத்துப் போட்டுடலாம்."

சுத்தமாம்! என் அம்மா சொன்ன வார்த்தை அழுக்கா? ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கம்பெனி கைவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு எங்கள் அலமாரியைத் தாண்டாது. சாக்ஸபோன் அண்ணன்கூட, "ஒரு வார்த்தைதானேம்மா, மாத்திட்டுப் போயேன்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாற்றிப் பார்த்தேன். வீட்டில் கிட்டாரோடு உட்கார்ந்து, "சங்கு, சங்கு ஊதுது" என்று பாடினேன். அப்பா ஈரத்துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாருக்குடி சங்கு ஊதறே? நான் இன்னும் கீறேன்டி!"

முப்பது வருஷம் அந்த மருந்துக்கு நடுவே போய், கொண்டுபோன உயிரோடு திரும்பி வந்த மனிதர். அவருக்கே சாவுச் சங்கு ஊதப் பார்த்தேனே பாவி! கிட்டாரை அப்போதே கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை கட்கியில் ஒரு மண்டபத்தில் பாடினோம். முதல் வரிசையில் அதிகாரி, வார்த்தையை மாற்றிப் பாடுகிறேனா என்று பார்க்க வந்திருந்தார். பின்னால் நாலு வரிசை முழுக்க அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். கடைசிப் பாட்டு வந்தது. என் குரல் ஏறி உச்சியில் நின்றதுதான் தாமதம், நாலு வரிசையும் ஒன்றாகக் கையைத் திருப்பி மணி பார்த்தது. அப்பா கடிகாரத்தின் திருகைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதுகொண்டேதான் "போங்கா" என்று பாடினேன், அடிவயிற்றிலிருந்து.

முடிந்ததும் அதிகாரி மேடையோரம் வந்தார். "பாத்தீங்களா? எல்லாரும் வாட்சைப் பாக்கறாங்க, அவ்வளவு போர். இப்பவாவது அந்த வார்த்தையை மாத்துவீங்களா?"

"மொதல்ல உங்க காதுல விழுந்ததே சரிதான் சார்" என்றேன். பிறகு அவருக்குப் பிடித்த சுத்தமான தமிழிலேயே சொன்னேன்.

"போங்க."