வாரம் ஒன்று போதாதென்று

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. உடம்பில் வைட்டமின் டி இல்லை என்பது போன வருஷம்தான் தெரிந்தது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பகலெல்லாம் பெங்களூரில் ஜன்னல் இல்லாத ஏசி அறையில் உட்கார்ந்து, இருட்டியபின் மைசூர் மைன்ஸ் வீட்டுக்குத் திரும்புகிறவன் நான். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஷிஃப்ட் பெங்களூருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "இந்த வைட்டமின் டி குளிகை வாரத்துக்கு ஒன்னு, எட்டு வாரம். சர்க்கரை மாத்திரையை விடக் கூடாது. தினமும் நடக்கணும்."

இதில் என் காதில் விழுந்தது குளிகை மட்டும்.

மறுநாள் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வீடியோ காட்டினார். கோட்டு போட்ட ஒருவர், சர்க்கரைக்கு மூலகாரணமே வைட்டமின் டி குறைவுதான், தினமும் ஒன்று போட்டால் மாத்திரையே வேண்டாம் என்றார். சீட்டுக்காரருக்கு வேலை சோபா கடையில். வைத்தியத்தில் அவரைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு குளிகை. சர்க்கரை மாத்திரைக்கு ஓய்வு கொடுத்தேன். மருந்துக் கடைகளில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டது என் மனைவிதான்.

"இன்னாங்க, வாரத்துக்கு ஒன்னுன்னுதானே எழுதியிருக்கு?"

"சீக்கிரம் ஏறணும்னா டெய்லி போடணும்."

"அப்போ ஒரு வாரத்து சோத்தையும் இன்னிக்கே துன்னுடுங்களேன்."

படிக்காதவள் பேச்சு என்று விட்டுவிட முடியாது. அவள் எம்.ஏ. ஆனாலும் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. அடங்காத தாகம். ரயிலில் சீட்டைவிடக் கழிவறையில்தான் அதிக நேரம் இருந்தேன். சோறு கண்டால் குமட்டியது, மலம் இறங்கவில்லை. உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும் என்று கோட்டுக்காரர் இன்னொரு வீடியோவில் சொல்லியிருந்ததால் சந்தோஷமாகவே அவதிப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையிலிருந்து வரும்போது தலை சுற்றித் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. கால்சியமும் ஏறியிருந்தது.

"வைட்டமின் டி மிஞ்சினா கால்சியம் ஏறிடும். வெயில்ல நின்னா இப்படி ஏறாது சார். தினமும் போடச் சொன்னது யாரு?" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர்.

"வீடியோல ஒருத்தர்," என்றாள் மனைவி.

"அவருக்கு டிரிப் போட முடியாதேம்மா. இவருக்குத்தான் போடணும்."

சிறுநீரகம் கெட்டிருக்குமோ என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். டிரிப் ஏற ஏற மறுபடி எடுத்துப் பார்த்து உறுதியாகச் சொல்ல இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் நடக்காதது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

சிறுநீரகம் தப்பித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் கேட்டேன்: "அப்போ வைட்டமின் டி சர்க்கரைக்கு உதவவே உதவாதா?"

"கம்மியா இருந்தா சரி பண்ணணும். சிலருக்கு கொஞ்சம் உதவலாம். ஆனா மாத்திரைக்குப் பதிலா அது வராது. இப்போதைக்கு நீங்க அந்தக் குளிகை பக்கமே போகாதீங்க."

மறுபடி வேலைக்குப் போன அன்று ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "உங்க உடம்புக்கு ஒத்துக்கல போல," என்று சொல்லிவிட்டு, வெண்டைக்காய்த் தண்ணீர் பற்றி ஒரு வீடியோ அனுப்பினார்.

இப்போது பழைய மாத்திரை, பாதிச் சோறு, ஸ்டேஷனுக்கு நடை. சர்க்கரை இறங்கியிருக்கிறது. காலையில் மனைவி மாத்திரையைக் கையில் போட்டு, நான் விழுங்கும்வரை நிற்கிறாள். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில், ஆபீஸில் பதினாலு பேருக்கு மேலதிகாரியான நான், நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.