முருகையன் என்று ஒரு வகை இல்லை

இன்று காலை, எனக்குப் பதிலாக புரோகிராம் எழுதித் தரும் புத்திசாலி மென்பொருள், ஒரு வகை மாறிக்கு 'a' என்று பெயர் வைத்தது. ஆகா, என்ன கற்பனை வளம்! எனக்கோ சட்டென்று நெத்திலிக் குழம்பு வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வகை மாறி என்பது, எண்ணோ எழுத்தோ எது வந்தாலும் உட்காரட்டும் என்று விட்டுவைக்கிற காலி நாற்காலி. வில்லியனூரில் ஹார்டுவேர் கடை மாடியில் இருந்த என் முதல் ஆபீசில் நாங்கள் எழுதிய மொழியில், அதன் பெயர் இங்கிலீஷின் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கினால், அப்படி ஒரு வகை நிஜமாகவே இருக்கிறதாக்கும் என்று கம்ப்யூட்டர் தேடப் போய்விடும்.

பக்கத்து சீட் வேணி வீராம்பட்டினத்துக்காரி. வகை மாறிகளுக்கு நெத்திலி, சுறா, கெளுத்தி என்றுதான் பெயர் வைப்பாள். "எந்த மீனு வந்தா இன்னாபா, கொழம்பு ஒண்ணுதான?" என்பாள். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் மாடியே மணக்கும். அவள் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அந்த மாதம் முடிவாக வேண்டும். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். முடிவு டீம் லீடர் முருகையன் கையில்.

முருகையன், பாவம், பேனர் பைத்தியம். பக்கத்து வீட்டுக் காதுகுத்து பேனரிலும் குழந்தை பெயரைவிடத் தன் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் அவருக்கு. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான், சுவர்த் திரையில் வேணியின் நெத்திலியை முருகையன் பார்த்தார்.

"இன்னாமா இது, மீன் மார்க்கெட்டா? எம் பேரப் போடு. பெரிய எழுத்துல போடு."

"பெரிய எழுத்துல ஆரம்பிச்சா ஓடாது சார்."

"நா சொல்றேன், போடு."

போட்டாள். சுவரளவு திரையில் சிவப்பாக வந்து நின்றது: முருகையன் என்று ஒரு வகை எங்கும் இல்லை.

"யாருங்க இந்த முருகையன்?" என்றார் வந்தவர்.

"இதோ, இவருதான் சார். நா இருக்காருன்னுதான் எழுதுனேன், மிஷினு ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள் வேணி.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆர்டர்கூடக் கொடுத்துவிட்டுப் போனார். வேணிக்குத்தான் வேலை போயிற்று. "மரியாத தெரியாத பொண்ணு" என்று தீர்ப்பு. மறுநாள் அவள் மீன்களையெல்லாம் அழித்து a, b, c என்று மாற்றும் திருப்பணி என் தலையில் விழுந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அந்த மாடியில் இப்போது ஜிம். முருகையன் பைபாஸ் முனை பேனரில் கைகூப்பி நிற்கிறார், பெரிய எழுத்தில். வேணி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலை மென்பொருள் வைத்த அந்த 'a'-வை அழித்துவிட்டு நெத்திலி என்று அடித்தேன். ஜோராக ஓடியது. உடனே மென்பொருள் பணிவாகக் கேட்டது: பெயர் பொருத்தமாக இல்லை, மாற்றிவிடவா?

வந்துட்டான்யா, அடுத்த முருகையன்.