காரைக்காலுக்குப் பின்னால்

செல்வாம்பாள் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பஞ்சாலை வேலைக்காரி. முப்பத்து நாலாம் வருஷக் கோடையில் வாந்திபேதி அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. சாவைப் பதியப் போனால், நோய் பரவாமலிருக்க சர்க்கார் ஆட்கள் குடிசையைக் கொளுத்திவிடுவார்கள் என்று தெருவே நடுங்கிக் கிடந்தது. அவள் புருஷன் அம்மாவாசையும் யாருக்கும் சொல்லாமல் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தான்.

மறு வருஷம், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களில் சுகாதாரத்தில் எது மேல் என்று கணக்கெடுத்தார்கள். பிள்ளைச் சாவு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் குடிநீர்க் குழாய். அந்த வேலையாக வந்த, ஊரார் மரியாதையாக 'முசியே' என்று கூப்பிடும் குமாஸ்தா சவரிராயன், சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்த முகமாகச் சொன்னார்.

"காரைக்கால விட நம்ம ஊருதான் மேல. அதுலயும் உங்க தெருவுல ஒரு புள்ளகூட சாவலியே!"

குட்டைத் தண்ணீரைச் சுமந்து வந்த செல்வாம்பாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"யாரு சொன்னது முசியே? போன வருசந்தான் எம் புள்ளைங்க ரெண்டும் போச்சு."

"சும்மா இரு. வூட்ட கொளுத்திடுவாங்க" என்று அம்மாவாசை அவள் கையைப் பிடித்தான்.

"கொளுத்தட்டும். பெத்த புள்ளைங்கள இல்லன்னு சொல்லிட்டு எந்த வூட்ல இருக்கறது?"

சவரிராயன் தொப்பியைக் கழற்றினார். "யாரும் கொளுத்த மாட்டாங்கம்மா, நான் இருக்கேன். பேரு சொல்லு."

"பெரியவன் தேவதாசு. சின்னது ஆதிலட்சுமி." அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று! அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா கதவைத் திறந்து வந்தாள். "எங்க வூட்லயும் ஒண்ணு, எழுதிக்குங்க." பிறகு வேறு கதவுகளும் திறந்தன.

கணக்கு முடிந்தபோது புதுச்சேரி காரைக்காலுக்குப் பின்னால் போயிருந்தது. ஊரில் சிலருக்கு அது தலைகுனிவு. கணக்கை மறுபடி பார்க்கலாமா என்று மேலதிகாரி கேட்டார். "ஒவ்வொரு தாயும் என்கிட்ட நேரா சொன்னாங்க. மாத்த முடியாதுங்க" என்றார் சவரிராயன். அதற்குமேல் அதிகாரியும் வற்புறுத்தவில்லை.

அடுத்த கோடைக்கு முன்பே தெருவில் குழாய் வந்தது. அந்தக் கோடையில் அங்கே வாந்திபேதி இல்லை. சவரிராயன் சைக்கிளில் போகும்போதெல்லாம் செல்வாம்பாள் நின்று கும்பிடுவாள். அவரோ, "நீ வாயத் தொறந்த, நான் எழுதுனேன், அவ்ளோதாம்மா" என்பார்.

குழாய் திறந்த அன்று அவள் பிடித்த முதல் குடம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சின்னப்பாப்பா வாசலில் இறக்கினாள்.

"எனக்கு எதுக்குடி?"

"அன்னிக்கி நீ வெளிய வரலன்னா, என்னயப் பைத்தியக்காரின்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க அக்கா."

சின்னப்பாப்பா ஒரு சொம்பு மொண்டு, முதலில் அவளுக்குத்தான் கொடுத்தாள்.