வெப்பப் பெட்டியில் அன்னாசி

ஆய்வகத்தில் அவளுக்கு மூக்கி என்று பெயர். பாட்டிலைத் திறந்து ஒருமுறை முகர்ந்தால் உள்ளே இருப்பது கெடத் தொடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். ஆனால் கருவி சொன்ன பிறகுதான் அதை நம்புவாள். கருவியை இயக்குகிறவர் அவள் கணவர். அவருக்கு வாசனையே தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

"ஒரு மூக்கை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் குடித்தனம் நடத்துறாங்க" என்பாள் பாட்டில் கழுவும் அம்மாள். அவர்களும் சிரிப்பார்கள்.

படிப்பு முடிந்ததும் அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பெரியவர்களின் மாத்திரையைப் பொடித்து, பாகில் கலந்து, குழந்தைக்கு ஏற்ற மருந்தாக்கித் தரும் கடை. ஒருநாள் கைக்குழந்தையோடு வந்த தாய் ஒருத்தி, "இது எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்று கேட்டாள். முன்பிருந்தவர் சொன்னதையே இவளும் சொல்லி அனுப்பினாள். அது சரிதானா என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வருஷமே அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த இந்த ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

இங்கே அவள் கலவை முறைகளை உருவாக்குவாள். எந்தப் பாகு, எவ்வளவு புளிப்பு, எந்தக் கெட்டிப்பொருள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து, பாட்டில்களில் நிரப்பி, சிலவற்றைக் குளிரிலும் சிலவற்றை வெப்பப் பெட்டியிலும் வைப்பாள். குறித்த நாளில் கணவர் அவற்றை எடுத்து, உள்ளே மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கருவியில் பார்ப்பார். தேறினால் மருந்துக்கடைகளுக்கு அந்த முறை போகும். தேறிய நாளில் வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். பிள்ளை இல்லாத வீடு. அதுவே அவர்களுக்குக் கொண்டாட்டம்.

பிறக்கும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கும் குழந்தைகளுக்கான மருந்துதான் அவளை ஆட்டி வைத்தது. முதல் கலவை மஞ்சளானது. அடுத்தது பாட்டிலின் அடியில் கல்லாக இறுகி, எவ்வளவு குலுக்கினாலும் அசைய மறுத்தது. மூன்றாவது கூழாகிவிட்டது. நான்காவது தேறியது. தேறியது என்றால் சாதாரணமாக இல்லை. வெப்பப் பெட்டியில் கிடந்தும் அப்படியே புதிதாக இருந்தது. முதலாளியம்மா எல்லோருக்கும் கேக் வெட்டினார். மருந்துக்கடைகள் அதைக் கலக்க ஆரம்பித்தன. ஆயுளை இன்னும் நீட்டலாமா என்று பார்க்க, பழைய பாட்டில்கள் பெட்டியின் மேல்தட்டிலேயே இருந்தன.

இதற்கிடையில் கடைக்காரர்கள் ஒரு குறை சொன்னார்கள். நான்காம் கலவையின் ஆரஞ்சு வாசனை பிடிக்காமல் குழந்தைகள் துப்புகின்றனவாம். அவள் ஆரஞ்சு எசன்ஸை எடுத்துவிட்டு அன்னாசி சேர்த்தாள். வாசனை மட்டும்தான் மாற்றம் என்பதால் கடைகளுக்கும் சொல்லிவிட்டு, புதிய பாட்டில்களைக் கீழ்த்தட்டில் வைத்தாள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பாட்டில்.

அந்த வாரம் கணவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மேல்தட்டுப் பாட்டிலை எடுக்க வேண்டிய நாள். அவளே எடுத்தாள். மூடியைத் திருகினாள்.

அன்னாசி.

கை தவறிக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து, பழைய தேதி. அடுத்த பாட்டிலைத் திறந்தாள். அதற்கடுத்ததை. மேல்தட்டு முழுக்க அன்னாசி மணத்தது. வெப்பத்தில் முதலில் செத்துப்போவது வாசனைதான். இதுவோ நேற்று ஊற்றியது போல மூக்கைத் துளைத்தது. பழையதைக் கொட்டிவிட்டு, மீந்திருந்த புதியதை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். வாசனை மாறியது தெரியாத யாரோ.

அந்தப் பெட்டிக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவள் இடுப்பில் இருந்தது.

மதியம் அவர் வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது, வாயில் பஞ்சு. அவள் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன வாசனை தெரியுமா?"

"எங்கிட்டயா கேக்குற?" என்று சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னாசிங்க."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"மூணு தடவை தோத்துட்டே" என்றார். பஞ்சினால் சொற்கள் குழறின. "பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதே. எனக்கு மூக்குதான் இல்ல, காது இருக்குல்ல."

"அதுக்கு?"

"நாலாவதுல கொஞ்சம்தான் குறைஞ்சிருந்துச்சு. புதுசா கலந்ததை ஊத்தி வச்சேன். முக்கால்வாசி மருந்து அப்படியேதான் இருந்துச்சு."

"முக்கால்வாசி துடிச்சாப் போதுமா?"

அவர் வாயிலிருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டார்.

"நான் அழுதா துடைச்சு விட்டிருக்கலாம். தோத்துட்டேடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். அஞ்சாவதா ஒண்ணு செஞ்சிருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க. அந்தப் புள்ளைங்க யாரும் எனக்காகக் குடிக்கல."

பாட்டில் கழுவும் அம்மாள் உள்ளே வந்து, இருவரையும் பார்த்து, சத்தமில்லாமல் வெளியே போனாள். அப்போதுதான் மூக்கிக்கு இன்னொன்று உறைத்தது. எதிர்ச்சுவரில் கண்ணாடி அலமாரி. தேறிய ஒவ்வொரு கலவையிலும் ஒரு பாட்டில் அதில் நின்றது. வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து, கண் சொட்டு.

"இதெல்லாம்?" என்றாள்.

"எல்லாம் இல்ல."

"எதெது?"

அவர் அலமாரியைப் பார்த்தார். உண்மையாகவே யோசிக்கிறார் என்று தெரிந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒண்ணு ரெண்டு இருக்கும். எதுன்னு... சத்தியமா ஞாபகம் இல்ல."

ஐஸ்கிரீம் கடையின் வழவழத்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. எந்த நாள் உண்மையான நாள்? எதிரே உட்கார்ந்து கரண்டியை நக்கியபடி, எந்தெந்த நாளில் தெரிந்தே அவளோடு சிரித்தார்?

நடந்ததை அவள் முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"வெளில சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நாமளே டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமே? அவரும் நல்ல மனுஷன். உங்க வீட்டு விஷயம் வேற."

"அதுவரைக்கும் குழந்தைங்க எதைம்மா குடிப்பாங்க?"

"சரி, இதயத்துக்கு உள்ளதை மட்டும் நிறுத்துவோம்."

"எல்லாத்தையும்மா. எது நிஜம்னு செஞ்சவருக்கே தெரியலை."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உன் பதினொரு வருஷ வேலைடி" என்றார்.

அவள் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதலில் பெரிய கடை. எடுத்தவர் உற்சாகமாகப் பேசினார். "அன்னாசி சூப்பர்ம்மா. ஒரு புள்ள துப்பல!"

அவள் விஷயத்தைச் சொன்னாள். இதய மருந்திலிருந்து கண் சொட்டு வரை எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு மேல் வராதபடி கொஞ்சமாகக் கலந்து, குளிரில் வைத்துக் கொடுக்கச் சொன்னாள். அதற்குமேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது, வாங்கிப் போனவர்களை இன்றே கூப்பிடுங்கள் என்றாள்.

"கண் சொட்டுமா? அது நல்லாத்தானே இருக்கு?"

"தெரியாது."

"என்னம்மா, நீங்களே தெரியாதுன்னா எப்படி? யாரு டெஸ்ட் பண்ணினது?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணவர் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கியபடி நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரர்."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. "ஓ... வீட்ல ஏதாவது சண்டையா? ரெண்டு நாள் ஆறப்போட்டுப் பேசுங்கம்மா. எல்லா வீட்லயும் உள்ளதுதான்."

"சார், பாட்டில் எல்லாத்தையும் தட்டுலேர்ந்து எடுங்க."

"இப்பவா? கடைல கூட்டம்."

"இப்பவே. எடுத்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

பெருமூச்சு கேட்டது. யாரையோ நகரச் சொல்லும் குரல். பிறகு, மரப்பலகையில் பாட்டில்கள் உரசும் சத்தம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.